என் தராசும் ஜெசிந்தா ரீச்சரும்

வவுனியாவில் ஒரு பெரிய உள்ளரங்கு. அதன் பக்கத்து அறையில் கதவுக்குப் பதிலாக ஒரு நீலத் திரை. உள்ளே பெண்பிள்ளைகளை நிறுக்கிறார்கள். ஆண்கள் உள்ளே போகக்கூடாது. நான் வெளியே நிற்கிறேன்; வாயில் வெற்றிலை, கையில் லொறித் திறப்புக்கொத்து.

உள்ளேயிருந்து நிறுக்கிற அம்மாவின் குரல் கேட்டது. "ஐம்பதரை."

வெற்றிலையைச் சப்ப மறந்து நின்றேன்.

எங்கள் கம்சிகா மல்யுத்தத்தில் ஐம்பது கிலோப் பிரிவு. அதற்கு மேல் ஒரு துளி கூடினாலும் அந்தப் பிரிவில் இறங்க விடமாட்டார்கள். முதல்நாள் பின்னேரம் என் மில்லில், என் தராசில், என் கண் முன்னால் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவாக நின்ற பிள்ளை அவள். அதை நம்பித்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இரவோடு இரவாக அரைக்கிலோவுக்கு மேல் எப்படிக் கூடும்?

திரையை விலக்கிக்கொண்டு ஜெசிந்தா ரீச்சர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன கேட்டார் என்பதைச் சொல்வதற்கு முன், அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு அறை நிறைய உமி

இந்தத் தொடரை முதல் கிழமையிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிளிநொச்சிச் சந்தையில் நெல்மூட்டை தூக்கினவன். மற்றவர்கள் ஒன்று தூக்கிய காலத்தில் நான் இரண்டு தூக்கினேன்; பொய் என்றால் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். இன்றைக்கு உருத்திரபுரத்தில் எந்த வரம்பில் நின்று பார்த்தாலும் என் மில்லின் புகைபோக்கி தெரியும். சண்டையில் ஒருமுறை அது விழுந்தது. திரும்பி வந்து முந்தியதைவிட உயரமாகக் கட்டினேன்.

அந்த மில்லுக்கு ஒருநாள் நல்ல வெயிலில் ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். இடது காது சுருண்டு தடித்து, கஜுக்கொட்டை மாதிரி இருந்தது. அதில் தோடு இல்லை. வலது காதில் மட்டும் ஒரு சின்ன முத்து.

உமி வேண்டும் என்றார். எத்தனை மூட்டை என்று கேட்டேன்.

"மூட்டையில்லை ஐயா. ஒரு அறை நிறைய."

செங்கல் சூளை வைக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். விசயம் வேறு. எங்கள் பகுதிக் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்கு மல்யுத்தம் பழக்க வந்திருக்கிறார். மல்யுத்தத்துக்கு மெத்தை விரிப்பு வேண்டும். கல்லூரியில் அது இல்லை. விழுந்தால் எலும்பு நோகாத இடம் ஒன்று தேடித் திரிகிறார். உமியை முழங்கால் உயரத்துக்குக் கொட்டி மிதித்து இறுக்கி, மேலே தடித்த படங்குத் துணியை இழுத்துக் கட்டினால் மெத்தை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவரே யோசித்தது.

உமி மட்டும் கொடுத்தால் நான் நானில்லை. என் பழைய நெல் களஞ்சியத்தையே கொடுத்தேன். அப்படித்தான் ஒரு கல்லூரியின் மல்யுத்தக் கூடம் என் மில்லுக்குள் வந்தது. இலங்கையில் வேறெந்த மில்லிலும் இது நடந்ததாக நான் அறியவில்லை.

புழுங்கல் நெல் மணக்கும். கூரைக்குள் குருவிகள் சண்டை பிடிக்கும். கீழே பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பயிற்சி முடிந்து வெளியே வந்தால் ஆறேழு பிள்ளைகளும் வரிசையாக நின்று சொறிவார்கள். படங்கின் ஓரத்தால் வரும் உமித்தூசியின் சுணை அது. கிணற்றடியில் தண்ணீர் வார்த்த பிறகுதான் அடங்கும்.

என்னை விழுத்தினவர்கள்

ரீச்சருக்கு முல்லைத்தீவுக் கடற்கரை. கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். தகப்பன், சகோதரர்கள் எல்லாரும் கரைவலை இழுத்தவர்கள். கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வலையைக் கடலுக்குள் வளைத்து விட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பது. இடுப்பில் ஒரு பட்டி கட்டி, அதைக் கயிற்றில் கொளுவி, பின்பக்கமாக நடப்பார்கள். ஆள் குறைந்த நாட்களில் சின்னப்பிள்ளையான ரீச்சரும் கயிற்றைப் பிடித்திருக்கிறார்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு படித்து, விளையாட்டுப் பயிற்சிக்குப் போய், அங்கே மல்யுத்தத்தில் பிடிபட்டுப்போனார். கொழும்பில் பெரிய போட்டிகளில் இறங்கியிருக்கிறார். காது அங்கே சுருண்டதுதான். மண்டபத்தில் விரிப்போடு காது தேய்ந்து தேய்ந்து அப்படி வருமாம். கலியாணம் பேசி வந்தவர்கள் அந்தக் காதைப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு. அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

வந்த புதிதில் எனக்கு அவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மல்யுத்தம் என்றால் பலம். பலம் என்றால் நான். அந்த நினைப்பு எனக்கு. ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்கு முன்னால், "பிள்ளை, என்னை ஒருக்கால் தள்ளிப் பாரும்" என்றேன்.

"நான் தள்ளமாட்டன் ஐயா. நீங்கள் தள்ளுங்கோ."

இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். தள்ளினேன். பின்னால் போனார். இன்னும் தள்ளினேன். இன்னும் பின்னால் போனார், இடுப்பைத் தாழ்த்திக் குதிக்காலை ஊன்றி ஊன்றி, கடற்கரை மணலில் வலை இழுக்கிற மாதிரி. எனக்குச் சந்தோசம். கிழவன் வெல்கிறான் என்று நினைத்த அந்த நிமிசத்தில் கூரையில் குருவிகள் தெரிந்தன. நான் உமியில் மல்லாந்து கிடக்கிறேன்.

இந்தப் பூமியில் என்னை விழுத்தினவர்கள் இரண்டு பேர். ஒன்று மலேரியா. மற்றது ஜெசிந்தா ரீச்சர்.

அன்றைக்குத்தான் அவருடைய வித்தை எனக்கு விளங்கியது. வயல்காரப் பிள்ளைகள் முன்னுக்குத் தள்ளித்தான் பழக்கம். அவர் அதை மாற்றினார். வருகிறவளை வரவிட்டு இழுக்கப் பழக்கினார். கம்சிகா அதை எல்லாரையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டாள். கம்சிகாவின் தாய் சிவமலர் என் மில் முற்றத்தில் நெல் காயவிடுகிறவர். தாய் கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டு பின்னுக்கு நடப்பதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்த பிள்ளைதானே.

ஒரு பதக்கமாவது

ரீச்சருடைய வேலை நிரந்தரம் இல்லை. தற்காலிகப் பயிற்றுநர். கல்லூரி அதிபர் நீட்டினால் வருசம் நீளும், இல்லாவிட்டால் இல்லை.

அதிபர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பெண்பிள்ளைகள் ஆறேழு பேருக்கு மேல் வராத விளையாட்டை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. தாய்மார் விடுகிறார்கள் இல்லை. மல்யுத்தம் பெட்டைகளைப் பட்டினி போட்டு வத்தப்பண்ணுகிற விளையாட்டு என்று ஊரில் ஒரு கதை. அது முழுப்பொய்யும் இல்லை. நிறை குறைக்கச் சாப்பாட்டை விடுவதும், தண்ணீரை விடுவதும், வேர்க்க ஓடுவதும் எல்லா இடத்திலும் நடக்கிறதுதான்.

கடைசியில் அதிபர் மில்லுக்கே வந்து, என் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்: இந்த முறை மாகாணப் போட்டியில் ஒரு பதக்கமாவது வர வேண்டும். வராவிட்டால் மல்யுத்தத்தை நிறுத்திவிட்டு வலைப்பந்துக்கு ஆள் எடுப்பார். ரீச்சர் "சரி சேர்" என்று மட்டும் சொன்னார்.

பதக்கத்துக்கு எங்களிடம் இருந்தது கம்சிகா. ஐம்பது கிலோவில் அந்த வருசம் மூன்றே மூன்று பேர்தான் பதிந்திருந்தார்கள். இறங்கி நின்றாலே வெண்கலம். அவள் இழுக்கிற இழுப்புக்குத் தங்கமும் வரலாம்.

அதனால்தான் தினமும் பின்னேரம் என் தராசு. நெல் நிறுக்கிற பெரிய தட்டுத் தராசு.

திரைக்கு வெளியே

இனி வவுனியாவுக்குத் திரும்புவோம்.

திரையை விலக்கி வந்த ரீச்சரிடம், அவர்களுடைய தராசு பிழை, என் தராசு ஒருநாளும் பிழைக்காது, இதை நான் விடமாட்டேன் என்று குரலை உயர்த்தினேன். உள்ளேயிருந்த அம்மா ஒரு இரும்புப் படிக்கல்லைத் தட்டில் வைத்துக் காட்டினாராம். சரியாகத்தான் காட்டியது.

ரீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஐயா, உங்கட தராசில சாக்கு கழிச்சோ வைச்சிருக்கிறியள்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மில்லில் நெல்லைச் சாக்கோடுதான் நிறுப்போம். சாக்கின் நிறைக்கு விவசாயியிடமோ வாங்குகிறவரிடமோ சண்டை வரக்கூடாது. அதனால் காலையில் ஒரு வெறும் சாக்கைத் தட்டில் வைத்து, பக்கத்துத் திருகைத் திருகி, அதைச் சுழியமாக்கி விடுவோம். பிறகு மூட்டையை வைத்தால் நெல்லின் நிறை மட்டும் காட்டும். என் மில்லின் நேர்மைக்கே அடையாளம் அந்தத் திருகு. சணல் சாக்கு ஒன்று ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும்.

கம்சிகா சாக்குக்குள் நின்று நிறை காட்டவில்லையே.

அத்தனை நாளும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு கிலோ குறைத்து நிறுத்திருக்கிறோம். மற்றவர்கள் தங்கள் பிரிவுக்கு நன்றாகக் கீழே நின்றபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை. கம்சிகா மட்டும் விளிம்பில் நின்றவள்.

நான் வாயைத் திறக்க முன் ரீச்சர் சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு. சுவரில் சாய்ந்து சிரித்தார். "சாக்கில்லாத நெல்லை நிறுத்திருக்கிறம் ஐயா" என்றார். வேலை போகப் போகிற ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நிறுவை முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் திரும்ப ஏறலாம். அரைக்கிலோ. மற்றப் பயிற்றுநர்கள் வந்து சூழ்ந்துவிட்டார்கள். மழைச்சட்டையைப் போட்டு ஓட விடுங்கோ என்றார் ஒருவர். துப்பவிடச் சொன்னார் இன்னொருவர். நான் அவர்களைவிட நல்ல யோசனை வைத்திருந்தேன். என் லொறி வெயிலில் நிற்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினையும் போட்டு, பிள்ளையை முன்னுக்கு இருத்தினால் அரைமணித்தியாலத்தில் அரைக்கிலோ வேர்வையாகப் போகும். நெல் அவிக்கிறவனுக்கு ஆவி பற்றித் தெரியாதா?

கம்சிகா ஏற்கனவே சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். "ரீச்சர், நான் ஓடுறன். காணாட்டி தலைமயிரையும் வெட்டுங்கோ" என்றாள். ரீச்சரின் வேலை தன் அரைக்கிலோவில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ரீச்சர் அவளுக்கு முன்னால் குந்தினார்.

"நேற்று இரவு என்ன சாப்பிட்டனி?"

பிள்ளை குனிந்து சப்பாத்துக் கயிற்றை இன்னும் இறுக்கினாள்.

"காலமை?"

மற்றச் சப்பாத்துக்குப் போனாள். விளிம்பில் நிற்கிற பயத்தில் முதல்நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் கிடந்திருக்கிறாள். அந்தப் பட்டினியால்தான் முழுக் கிலோ அரைக்கிலோவாகக் குறைந்திருந்தது. ரீச்சருக்கு அது தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

ரீச்சர் எழும்பினார். உள்ளே போய், எங்கள் பிள்ளை அடுத்த பிரிவில் இறங்குகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்தது ஐம்பத்து மூன்று. அதில் போன வருசம் தங்கம் எடுத்த பிள்ளை நிற்கிறாள். எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை. தோள் எல்லாம் என் மில் தூண் மாதிரி.

பிறகு தன் பையைத் திறந்து சாப்பாட்டுப் பார்சலை எடுத்தார். புட்டும் மீன்குழம்பும். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, மடியில் பார்சலை விரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, உம்மட வேலை போகப் போகுது" என்றேன்.

அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"போகட்டும் ஐயா. சண்டையின்ர கடைசி நேரம் கஞ்சிக்கு வரிசையில நிண்ட பிள்ளை நான். எனக்கு முன்னுக்கு நிண்டதுகள் சுருண்டு விழுந்ததைப் பாத்தனான். ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டு நான் பதக்கம் எடுக்கமாட்டன்."

சுற்றி நின்ற பயிற்றுநர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். நானும் அந்த வரிசைகளைப் பார்த்தவன்தான். அதைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. இன்றைக்கும் எழுதப் போவதில்லை. லொறித் திறப்பை மடிக்குள் வைத்தேன்.

கம்சிகா அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிறகு அழாமல் சாப்பிட்டாள். கடைசியில் குழம்பு ஊறின பேப்பரையும் விரலால் வழித்தாள்.

உமியில்லாத விரிப்பு

அந்தப் போட்டியை நான் நூறு தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுத வரவில்லை.

முதல் ஆட்டமே அந்தத் தங்கப் பிள்ளையோடு. அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் பிள்ளை பின்னுக்குப் போனாள், போனாள், விரிப்பின் விளிம்புவரை போனாள். பக்கத்தில் இருந்தவர் "முடிஞ்சுது" என்றார். எனக்குத் தெரியும் முடியவில்லை என்று. தள்ளிக்கொண்டு போன இடத்தில் நானும் நின்றவனல்லவா? ஒரு இழுப்பு. அவ்வளவு பெரிய பிள்ளை முகம் குப்புற வந்து விழுந்தாள். அரங்கு முழுக்க எழும்பியது.

இன்னொருமுறையும் விழுத்தினாள். தன்னைவிடக் கனமானவளை, முந்தின இரவு பட்டினி கிடந்த பிள்ளை.

ஆனால் கடைசியில் மூச்சுப் போதவில்லை. கால்கள் கேட்கவில்லை. ஒரேயொரு புள்ளியால் தோற்றாள்; தோற்றவர் அதோடு வெளியே. பதக்கம் இல்லை.

வென்ற பிள்ளை விரிப்போரத்தில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். களைத்துப்போய் அவிழ்க்க முடியவில்லை. அவளுடைய பயிற்றுநர்தான் குந்தியிருந்து அவிழ்த்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் அதிபருக்கு அதை எப்படிக் காட்டுவது?

திரும்பி வரும்போது லொறியில் ரீச்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். கம்சிகா அவருடைய சுருண்ட காதில் தலையை முட்டிக்கொண்டு நித்திரை.

முற்றம்

அதிபர் சொன்ன சொல் மாற்றவில்லை. அந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளுவோம் என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டார். ரீச்சர் என்னிடம் வந்து, படங்கைக் கழற்றித் தரவா என்று கேட்டார். மாதம் முடியட்டும் என்றேன்.

இதற்குள் சிவமலர் முற்றத்தில் கதையைச் சொல்லியிருக்கிறார். என் முற்றத்தில் நெல் காயவிடுகிறது பத்துப் பதினைந்து பெண்கள். அவர்கள் போகும் வீடுகள், கிணறுகள், கடைகள் எத்தனை. வானொலி தேவையில்லை.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் நான் கிளிநொச்சிக்குப் போய் ஆள் நிறுக்கிற புதுத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை முடியப் போகிற இடத்துக்கு ஏன் தராசு என்று கேட்காதீர்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

மில் வாசலில் லொறியைத் திருப்ப இடமில்லை. சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும். தாய்மார். ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒரு பெட்டை, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. ஆறேழு பேர் நின்ற களஞ்சியத்தில் உமி தெரியவில்லை, அவ்வளவு பிள்ளைகள்.

கூடத்தை மூடிக் கணக்கு முடிக்க அதிபரும் வந்திருந்தார். வாசலைத் தாண்ட முடியாமல் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதக்கம் ஒன்றும் வரவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு பேரும் என்று சிவமலரைக் கேட்டார்.

சிவமலரின் கையில் நெல் கிளறின தூசி. பயப்படாமல் சொன்னார்.

"பதக்கம் வரும் போகும் சேர். என்ர பிள்ளை சாப்பிடேல்ல எண்டு எனக்கே தெரியாது. ரீச்சர் கண்டுபிடிச்சவா. அவா நிண்டால் அனுப்புவம். அவா போனால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போவம்."

அதிபர் என்னிடம் திரும்பி, அடுத்த வருசத்துக்கும் களஞ்சியம் கிடைக்குமா என்று கேட்டார். என்ன கேள்வி.

அதற்குப் பிறகு பதக்கங்களும் வந்தன. ரீச்சருடைய வேலையும் நிரந்தரமானது. உமிக்கு மேல் இப்போது உண்மையான விரிப்பு; வாங்கிக் கொடுத்தது யார் என்று நான் எழுதத் தேவையில்லை. அதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை நான் புதுத் தராசைத் தூக்கிக்கொண்டு போய்க் களஞ்சியத்தின் நடுவில் வைத்து, இதில் சாக்கு இல்லை, திருகு இல்லை, பட்டணத்திலேயே நல்ல தராசு இது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். ரீச்சர் அதை ஒருமுறை பார்த்தார்.

"அது பிறகு ஐயா. முதல் எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ."

என் வாழ்க்கையில் ஒருத்தர் எனக்குக் கட்டளை போட்டு நான் கேட்டதில்லை. மூட்டை தூக்கின காலத்திலேயே முதலாளியோடு மல்லுக்கு நின்றவன். ஆனால் நான் போனேன். வரிசையில் முதல் நின்ற பிள்ளைக்கு முன்னால் குனிந்து, "சாப்பிட்டனியோ பிள்ளை?" என்று கேட்டேன். ஓம் என்றாள். அடுத்தவளிடம் போனேன்.

இன்று பின்னேரமும் கேட்டுவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன். ஒருத்தி இல்லை என்றாள். அவள் சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் விரிப்பில் இறங்கவில்லை.